கோழிக்கொட்டிலிலிருந்து ஒரு கோட்டை

காட்பாடி ஜங்ஷனில் இறங்குகிறவர்களில் கணிசமானோர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போகிறவர்கள். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி ஆட்டோ வேலூருக்குள் நுழைந்ததும் லாட்ஜுகளின் வங்காள எழுத்துப் பலகைகள் கண்ணில் படும். ஆஸ்பத்திரியிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் கோட்டை அகழி. டாக்டர் அடுத்து எப்போது கூப்பிடுவார் என்று தெரியாமல் காத்திருக்கும் உறவினர்கள் சாயங்காலத்தில் அகழிக்கரையில் வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

1806 ஜூலை 10 அன்று அந்தக் கோட்டைக்குள் ஒரு கோழிக்கொட்டிலில், இரண்டு குழந்தைகளோடு ஒளிந்திருந்தார் அமெலியா ஃபேன்கோர்ட். கோட்டைத் தளபதி கர்னல் செயின்ட் ஜான் ஃபேன்கோர்ட்டின் மனைவி. இருட்டில் வெடிச்சத்தம் கேட்டு எழுந்து வெளியே போன கணவர் சுடப்பட்டு இறந்தார். உயிர் தப்பிய அமெலியா இரண்டு வாரம் கழித்து, நடந்ததை நடந்த வரிசையில் எழுதி வைத்தார். அது அச்சேறியது 1842-ல், அதுவும் சிட்னியில், 'சிட்னி கெஸட்' செய்தித்தாளில். வேலூரில் நடந்தது 36 ஆண்டு கழித்து ஆஸ்திரேலியாவில் செய்தியானது.

அன்று சிப்பாய்கள் செய்த வேலூர்ப் புரட்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் குறிப்பைத் தொடாமல் போவது அபூர்வம். உள்ளே இருந்து பார்த்தவர் எழுதி நமக்குக் கிடைத்த ஒரே சாட்சியம் என்றுகூட இதைச் சொல்வதுண்டு. அந்தப் பெருமையில் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம். புரட்சி அடங்கியபின் அமைந்த விசாரணைக் குழு, சிப்பாய்கள் பலரின் வாக்குமூலங்களையும் பதிவு செய்தது. அவையும் உள்ளே இருந்தவர்கள் பேசியவைதான். ஆனால் அவை கைதியின் வாயிலிருந்து வந்து, மொழிபெயர்ப்பாளர் வழியாக ஆங்கிலமாகி, கோப்புக்குள் போனவை. அமெலியாவின் பக்கங்களோ தாய் ஒருத்தியின் மூச்சிரைப்போடு இருக்கின்றன. படிப்பவர் எதை நம்புவார், எதை மறப்பார் என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது.

சென்னை ராஜதானிக்கு வந்த பிரிட்டிஷ் பெண்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களையும் குறிப்புகளையும் நம் சரித்திரத்துக்குச் சான்றாக எடுத்தாளும் வழக்கம் இன்று வலுத்திருக்கிறது. நல்ல வழக்கம்தான். கலெக்டர் அறிக்கையில் இல்லாத அடுப்படியும் தோட்டமும் சந்தையும் இந்தத் தாள்களில் உண்டு. ஆனால் எந்தக் கடிதத்தை எதற்குச் சாட்சியாகக் கூப்பிடலாம் என்ற கேள்வியை நாம் சரியாகக் கேட்பதில்லை.

வேலூரையே எடுத்துக்கொள்வோம். 1805 நவம்பரில் வந்த உத்தரவு, சிப்பாய்கள் நெற்றியில் சமயக் குறி இடக்கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்றது. கூடவே ஒரு புது மாதிரித் தலைப்பாகை. அதில் தோலால் செய்த ஒரு சின்னம் செருகியிருந்தது. அந்தத் தோல் பசுவுடையதா பன்றியுடையதா என்பதுதான் பாசறைகளில் ஓடிய பேச்சு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் பிறந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடுக்காயும் ஆவாரம்பட்டையும் போட்டுத் தோல் பதனிட்ட ஊர்களில், ஒரு தோலைக் கையில் கொடுத்தால் முதல் கேள்வியே ஆடா மாடா என்பதுதான். தோல் என்று பொதுவாக ஒரு பொருள் இங்கே கிடையாது. தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக்கின் அலுவலகத்துக்கு அது சீருடையில் ஒரு அலங்காரம், அவ்வளவுதான்.

ஜூன் மாதமே முஸ்தபா பேக் என்ற சிப்பாய், சதி நடக்கிறது என்று தன் மேலதிகாரியிடம் போய்ச் சொன்னார். அவரைப் பைத்தியம் என்று அடைத்து வைத்தார்கள். இந்தக் காரண காரியமெல்லாம் கோழிக்கொட்டிலுக்குள் இருந்த ஒரு பெண்ணுக்கு எட்டியிருக்க வழியில்லை. வெளியே ஆட்கள் ஓடுகிற சத்தம், வீட்டைச் சூறையாடுகிற சத்தம், குழந்தை அழுதுவிடுமோ என்ற பயம் ஆகியவற்றுக்குத்தான் அவர் சாட்சி. அந்த அளவில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஏன் நடந்தது என்பதற்கு அவரைக் கூண்டில் ஏற்றினால் தவறு நம்முடையது.

என்ன நடந்தது என்பதற்குக்கூட அவர் பாதிச் சாட்சிதான். ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டையைத் திரும்பப் பிடித்த பிறகு நடந்த கொலைகளைப் பற்றி நமக்குத் துல்லியமாகச் சொல்பவர் ஒரு பொறியியல் அதிகாரி, ஜான் பிளாகிஸ்டன். கோட்டைக்குள்ளிருந்த அரண்மனையில் ஒதுங்கியிருந்த ஏறத்தாழ 100 சிப்பாய்களை வெளியே இழுத்துவந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டதை அவர் 1829-ல் வெளியான தம் நினைவுநூலில் பதிந்திருக்கிறார். பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்கள் 14 அதிகாரிகள், 69-ஆம் ரெஜிமென்ட்டின் 115 பேர் என்று எண்ணிக்கை சுத்தமாக இருக்கிறது. செத்த சிப்பாய்கள் எத்தனை பேர் என்றால் 350 என்பார் ஒருவர், 800 என்பார் இன்னொருவர். கணக்கு வைத்தவர்கள் யார் என்பது இந்த இரண்டு எண்களின் இடைவெளியிலேயே தெரிகிறது.

அதே ஆண்டில் சென்னையிலிருந்து ஹியர்ஃபர்டுக்கும் லண்டனுக்கும் கடிதம் எழுதிக்கொண்டிருந்த இரண்டு சகோதரிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எலிசபெத் குவில்லிம், அவர் தங்கை மேரி சைமண்ட்ஸ். எலிசபெத்தின் கணவர் சர் ஹென்றி குவில்லிம் சென்னை சுப்ரீம் கோர்ட்டின் நீதிபதி. 1801-ல் வந்தார்கள். அம்மாவுக்கும் இன்னொரு சகோதரிக்கும் அவர்கள் எழுதிய 70-க்கும் மேற்பட்ட கடிதங்கள் இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

ஒரு கடிதம் ஊர் போய்ச் சேர ஐந்தாறு மாதம். பதில் வர அதற்கும் மேல். கேட்ட கேள்விக்கு விடை வருவதற்குள் கேட்டவருக்கே கேள்வி மறந்துபோகும். ஆகவே கடிதம் உரையாடலாக இருக்க முடியாமல், பார்த்ததையெல்லாம் கொட்டி வைக்கும் பெட்டியாக மாறிவிடுகிறது. கடைத்தெருவில் கிடைக்கும் துணி, சமையல், பழம், செடி, விதை, வீட்டு வேலையாட்களின் சண்டை என்று எலிசபெத்தின் கையில் எதுவும் தப்புவதில்லை. தெலுங்கு கற்றார். பறவைகளைப் பிடித்துவரச் செய்து, உயிரோடு இருக்கும்போதே பார்த்து, உண்மை அளவிலேயே வரைய முயன்றார். பறவை ஓவியர் ஆடுபான் அமெரிக்கப் பறவைகளை உண்மை அளவில் பெரிய தாள்களில் அச்சிட ஆரம்பித்தது 1827-ல். எலிசபெத் அதற்கு இருபது ஆண்டு முன்பே சென்னையில் இதைச் செய்துகொண்டிருந்தார். 121 பறவை ஓவியங்கள் யாருக்கும் தெரியாமல் கிடந்து, 1920-களில் கண் மருத்துவரும் பறவைப் பித்தருமான கேஸி உட் கண்ணில் பட்டு, மாண்ட்ரியாலில் மெக்கில் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு கொக்கி உண்டு. எலிசபெத்துக்குச் செடிகள் விஷயத்தில் பழக்கமானவர்களில் ஒருவர் ராட்லர், நம் தமிழ்–ஆங்கில அகராதிக்காரர். தரங்கம்பாடியிலிருந்து வேப்பேரிக்கு வந்த அந்தப் பாதிரியார், ஒரு செடிக்கு 'குவில்லிமியா' என்று எலிசபெத்தின் பெயரையே வைத்தார். இன்றும் மேக்னோலியாவின் ஒரு பிரிவுக்கு அந்தப் பெயர் இருக்கிறது.

இத்தனை கண்ணும் கையும் உள்ள ஒருவரின் சொல்லை எல்லா விஷயத்திலும் நம்பத் தோன்றும். அங்கேதான் நின்று யோசிக்க வேண்டும். சகோதரிகளின் கடிதங்கள் வேலூர் விவகாரத்தையும் பேசுகின்றன. ஆனால் அந்தக் காலத்திலேயே சர் ஹென்றிக்கும் கவர்னர் வில்லியம் பெண்டிங்குக்கும், தலைமை நீதிபதி தாமஸ் ஸ்ட்ரேஞ்சுக்கும், நகரப் போலீஸ் யார் கையில் இருப்பது என்பது உட்படப் பல விஷயங்களில் தகராறு முற்றிக்கொண்டிருந்தது. 1808-ல் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். அரசாங்கத்தோடு வீட்டுக்காரர் சண்டையில் இருக்கும்போது வீட்டம்மா எழுதும் கடிதத்தில் அரசாங்கத்தைப் பற்றிய வரிகளை எப்படிப் படிப்பது? பொய் என்று தள்ள வேண்டாம். சம்பந்தி வீட்டைப் பற்றிச் சம்பந்தியம்மாள் சொல்கிற தகவலை நாம் எப்படி எடுத்துக்கொள்வோமோ அப்படி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மாம்பழத்தைப் பற்றியும் கொக்கின் காலைப் பற்றியும் எழுதும்போது எலிசபெத்துக்கு யாரோடும் வழக்கில்லை.

எலிசபெத் 1807 டிசம்பரில் சென்னையிலேயே இறந்தார். சென்னைக் கோட்டைக்குள் செயின்ட் மேரி தேவாலயத்தில் அடக்கம். அச்சுக்கு என்று அவர் ஒரு வரியும் எழுதவில்லை என்பதே அந்தக் கடிதங்களின் பலம். திருத்தம் இல்லை, சாமர்த்தியம் குறைவு, சொன்னதையே திரும்பச் சொல்வதும் உண்டு. வாசிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். சரித்திரக்காரருக்கு அந்தச் சலிப்பே லாபம்.

முப்பது ஆண்டு கழித்து வந்த ஜூலியா மெய்ட்லண்ட் வேறு ரகம். இவர் எழுத்தாளர் குடும்பம். நாவலாசிரியை ஃபேனி பர்னியின் சொந்தம். ஜூலியாவின் தாய் சார்லட் பாரெட், பர்னியின் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் பதிப்பித்தவர். பர்னி தாமே தம் தாள்களில் பல வரிகளை மை பூசி அடித்திருந்தார். மிச்சத்தில் கத்தரியும் பசையும் வைத்து வேலை பார்த்தவர் சார்லட். அந்தத் தொகுதிகள் 1842 முதல் வெளிவந்தன. மகளின் 'சென்னையிலிருந்து கடிதங்கள்' 1843-ல், ஜான் மரே வெளியீடு. ஒரே குடும்பம் ஒரே சமயத்தில் இரண்டு கடிதக் கட்டுகளை ஊருக்கு முன்னால் வைக்கத் தயார் செய்துகொண்டிருந்தது. (பர்னி அடித்துவிட்ட வரிகளைப் பிற்காலத்தில் மீட்டெடுக்க முனைந்தவர்களும் அதே மெக்கில் பல்கலைக்கழகத்தில்தான் உட்கார்ந்தார்கள்.)

ஜூலியா 1836 கடைசியில் சென்னைக்கு வந்தார். அப்போதைய கணவர் ஜேம்ஸ் தாமஸ் ராஜமுந்திரியில் ஜில்லா நீதிபதி. ராஜமுந்திரியில் ஜூலியா ஒரு பள்ளிக்கூடம் வைத்தார். சென்னை வெள்ளைக்காரச் சமூகத்தை அவர் கிண்டல் செய்கிற பக்கங்கள் இன்றும் சிரிக்க வைக்கும். சிவில் உத்தியோகஸ்தர் மனைவிகளின் மந்தத்தையும் ராணுவ மனைவிகளின் ஆர்ப்பாட்டத்தையும் வரிசையில் நிறுத்தி வைத்துக் காட்டுகிறார். இந்த நாட்டு ஜனங்களைப் பற்றி ஒன்றுமே தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை என்று பெருமையடித்துக்கொண்ட ஒரு சீமாட்டியை அவர் விடாமல் குத்துகிறார். ஆங்கிலேயர் இந்தியரிடம் காட்டும் மரியாதைக்குறைவு அவருக்குக் கூசுகிறது. 1840-க்கு முன்பு இதைச் சொல்ல ஒரு பெண்ணுக்குத் துணிச்சல் வேண்டும். அட்டையில் பெயர் போடாமல் 'ஒரு சீமாட்டி எழுதியது' என்று வந்ததால்தான் இவ்வளவும் அச்சில் வந்தது. உள்ளே பெயர்களெல்லாம் ஒரு எழுத்தும் நீளக் கோடுமாக நிற்கின்றன.

அந்தக் கோடுகள் வெள்ளைக்காரர்களுடைய மானத்தைக் காப்பாற்றின. வேலையாட்களுக்குக் கோடும் தேவைப்படவில்லை, ஏனென்றால் அவர்களுக்குப் பெயரே இல்லை. பட்லர், ஆயா, முன்ஷி, துபாஷி என்று தொழிலே பெயர். ஆங்கிலம் தட்டுத் தடுமாறிப் பேசும் பட்லரின் வாக்கியத்தை ஜூலியா அப்படியே எடுத்துவைக்கிறார். லண்டன் வாசகர் சிரித்திருப்பார். ஜூலியாவின் தெலுங்கைக் கேட்டு அந்த வீட்டுப் பின்கட்டில் எத்தனை பேர் சிரித்தார்களோ, அதை எழுதிவைக்க ஆளில்லை.

இந்தக் கேலிதான் அச்சுக்குத் தயாரான கடிதத்தின் கோளாறு. ஜூலியா எலிசபெத்தைவிட நல்ல எழுத்தாளர், சந்தேகமில்லை. ஒரு காட்சியை எங்கே நிறுத்த வேண்டும், எந்த ஆளை எந்த வரியில் கொண்டுவர வேண்டும் என்பது தெரிந்தவர். தெரிந்ததே தொந்தரவு. வாசகர் சிரிக்கிற இடத்தில் ஆள் பொம்மையாகிவிடுகிறார். பிற்காலத்தில் குழந்தைகளுக்கு நாயும் பூனையும் பேசுகிற கதையும், ஒரு பொம்மையின் கதையும் அவர் எழுதியதை நினைத்தால் ஆச்சரியமில்லை. ஜோடனை கூடக் கூட, பார்த்தது குறைகிறது. அவர் புத்தகத்திலிருந்து ஆங்கிலேயச் சமூகத்தின் மனநிலையைத் தாராளமாக மேற்கோள் காட்டலாம். முன்ஷியின் மனநிலைக்கு அதைத் திறந்தால் முன்ஷி மாதிரி ஒரு வேஷம்தான் கிடைக்கும்.

கடிதம் தொழிலாகவே ஆகிவிடும்போது சிக்கல் வேறு மாதிரி. இதற்குத் தமிழ்நாட்டில் பெரிய உதாரணம் டோனாவூர் மிஷனரி ஏமி கார்மைக்கேல். அயர்லாந்தில் 1867-ல் பிறந்து, 1895-ல் இந்தியா வந்து, 1951-ல் டோனாவூரிலேயே இறந்தவர். 35-க்கு மேற்பட்ட புத்தகங்கள். அவற்றுக்கு அடியில் ஓயாத கடிதப் போக்குவரத்து. பணம் கேட்டு யாருக்கும் எழுதுவதில்லை என்பது அவர் கொள்கை. ஆனால் தாம் வளர்த்த குழந்தைகளின் கதை சீமையில் படிக்கப்படும், படித்தவர் மனம் கரையும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. கேட்காமல் கேட்பது என்று நம்மூரில் ஒன்று உண்டே, அது.

இவரிடம் ஒரு நேர்மை இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மிஷன் கடிதம் என்றால் இத்தனை பேர் மனம் மாறினார்கள், இத்தனை ஊரில் வெளிச்சம் வந்தது என்று எழுதுவதே வாடிக்கை. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களில் தோல்விதான் அதிகம் என்று எழுதிய இவரது கைப்பிரதி, ரொம்ப இருட்டாக இருக்கிறது என்று முதலில் திருப்பி அனுப்பப்பட்டது. 1903-ல் அது புத்தகமாக வந்தபோது நம்பாதவர்கள் இருந்தார்கள். பிற மிஷனரிகள் ஆமாம், உண்மைதான் என்று எழுதிக்கொடுத்த சாட்சிக் கடிதங்கள் பின்வந்த பதிப்பில் சேர்க்கப்பட்டன. ஒரு கடிதத்துக்கு இன்னொரு கடிதம் ஜாமீன்! ஆனால் ஜாமீன் நின்றவர்கள் எல்லோரும் ஒரே தரப்பு. கோயிலுக்குப் பொட்டுக் கட்டிய குழந்தைகளைப் பற்றி எழுதியதில், அந்தக் குழந்தைகளின் தாய்மார் தரப்பு கேட்கப்படவே இல்லை. கொடுமை உண்மை. கொடுமையைச் சொன்ன கதையில் தாய்மார் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்தவர்களாக வருவதும் உண்மை.

நம் ஊரிலும் கடிதங்கள் புத்தகமாகின்றன. ரசிகமணி டி.கே.சி.யின் கடிதங்களைப் படித்து ருசித்த தலைமுறை உண்டு. புதுமைப்பித்தனின் 'கண்மணி கமலாவுக்கு' என்ற நூலின் தலைப்பே எழுதியவர் யார், படித்தவர் யார் என்று சொல்லிவிடுகிறது. தமிழ்க் கடிதம் என்றால் இந்த ஒருதலைப்பட்சம் நமக்குச் சட்டென்று உறைக்கிறது. பதில் எங்கே என்று கேட்கிறோம். ஆங்கிலத்தில் இருந்து, அதுவும் இருநூறு வருஷப் பழுப்பேறிய தாளில் இருந்து வந்தால் மட்டும் அதே கேள்வி தொண்டையில் நின்றுவிடுகிறது. ஒரு கூட்டம் அதை அப்படியே ஆதாரம் என்று அடிக்குறிப்பில் போடுகிறது. எதிர்க்கூட்டம் வெள்ளைக்காரி எழுதியது என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குகிறது. இரண்டு பேருமே தாளைப் புரட்டியதாகத் தெரியவில்லை.

புரட்டினால் ஒன்று கவனிக்கலாம். இந்தப் பெண்கள் தங்கள் கைக்கு எட்டிய பொருளைப் பற்றி எழுதும்போது, அதாவது விதை, துணி, பறவை, காய்ச்சல், கதவுக்கு வெளியே கேட்ட சத்தம் பற்றி எழுதும்போது, கலெக்டரைவிட நல்ல சாட்சிகள். இந்து இப்படிப்பட்டவர், சிப்பாய் இப்படி நினைப்பார் என்று எழுதத் தொடங்கும் வரியிலிருந்து அவர்கள் பக்கத்து பங்களாவில் டீ குடித்தபோது கேட்டதை எழுதுகிறார்கள். ஒரே கடிதத்தில், ஒரே பாராவில்கூட இரண்டும் கலந்து கிடக்கும். தவிட்டிலிருந்து அரிசியைப் பிரிப்பது மாதிரி உட்கார்ந்து புடைத்துத்தான் எடுக்க வேண்டும். கையெழுத்துப் பிரதி கிடைக்கிற இடத்தில் அச்சுப் புத்தகத்தை நம்பாமலிருப்பது அந்த வேலையில் பாதியைக் குறைக்கும். குவில்லிம் கடிதங்கள் இப்போது படியெடுக்கப்பட்டு இணையத்தில் எவரும் படிக்கக் கிடைப்பது அந்த வகையில் பெரிய காரியம். அந்தக் கடிதங்களிலிருந்து சென்னைத் தெருக்களையும் செடிகளையும் பற்றிய பகுதிகளையாவது தமிழில் கொண்டுவரலாம். சென்னைக்காரர்கள் படிக்க வேண்டிய பக்கங்கள் அவை.

வேலூருக்கு அதைவிடச் சின்ன வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. அமெலியாவின் குறிப்பு, பிளாகிஸ்டனின் பக்கங்கள், விசாரணைக் குழு முன் சிப்பாய்கள் சொன்னவை ஆகிய மூன்றையும் மணி வாரியாக அடுத்தடுத்து வைத்து ஒரு தமிழ்ப் புத்தகம் போடலாம். கோழிக்கொட்டிலில் இருந்தவருக்குத் தெரியாதது அரண்மனைச் சுவரோரம் நின்றவருக்குத் தெரியும். ஜூலை 10 தோறும் மக்கான் அருகே உள்ள நினைவுத் தூணுக்கு மாலை விழுகிறது. 69-ஆம் ரெஜிமென்ட்காரர்களின் நினைவுச்சின்னம் உள்ள பழைய கல்லறைத் தோட்டம் கோட்டைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. காட்பாடியில் இருந்து வருகிற ஆட்டோக்காரரிடம் தூண் என்றால் உடனே வண்டியைத் திருப்புவார். கல்லறை என்று சொன்னால் எந்தக் கல்லறை என்று கேட்பார்.